'சிபிடி' எண்ணெய்ப் புட்டிக்குள் என்ன இருக்கிறது? கஞ்சாச் செடியின் நொதிகளைத் தெரிந்துகொள்வோம்



வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் உங்கள் கையில் ஒரு சிறிய புட்டியைக் கொடுக்கிறான். "பாட்டி, முட்டி வலிக்கு நல்லதாம். நாக்குக்கு அடியில் நாலு சொட்டு விட்டால் போதுமாம். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்ததுதான், ஆனால் போதை தராது. இது சிபிடி, அது வேறு," என்கிறான். பிள்ளை அன்பாகத்தான் சொல்கிறான். இருந்தாலும் அவன் சொல்வதில் பாதிதான் உண்மை.

மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தச் செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். "தொடாதீர்கள், சட்டவிரோதம்" என்று இரண்டு வார்த்தையில் இந்தத் துண்டேட்டை முடித்துவிடலாம். ஆனால் காரணம் தெரிந்தால் பேரனுக்கு நீங்களே விளக்கிச் சொல்ல முடியும். ஆகவே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு காப்பி குடித்தபடி நிதானமாகப் படியுங்கள்.

நொதி: சமையலறையில் தினமும் பார்ப்பதுதான்

ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஊறவைப்பீர்கள்; கறி பூப்போல வெந்துவிடும். பப்பாளிப் பாலில் உள்ள ஒரு பொருள் இறைச்சியின் புரதத்தை வெட்டி இளக்குவதே இதற்குக் காரணம். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப்போகிறதே, அது காயில் உள்ள வேறொரு பொருளின் வேலை. காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து அது நிறத்தை மாற்றுகிறது. இப்படி ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றித் தரும் புரதங்களுக்கு நொதி என்று பெயர். என்சைம் என்றும் சொல்வார்கள். நம் உடலிலும் ஆயிரக்கணக்கான நொதிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு நொதியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பில் பிழை இருந்தால் நொதி வேலை செய்யாது. இதற்கு நல்ல சாட்சி குடைமிளகாய். ஊசிமிளகாயும் குடைமிளகாயும் நெருங்கிய உறவுதான். ஊசிமிளகாயில் காரத்தை உண்டாக்கும் நொதி ஒழுங்காக வேலை செய்கிறது. குடைமிளகாயில் அந்த நொதிக்கான மரபணுவில் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருக்கிறது. அதனால்தான் எவ்வளவு வெயிலில் வளர்த்தாலும் எந்த உரம் போட்டாலும் குடைமிளகாய் காரமாவதில்லை. காரமில்லாத செடிகளையே தேர்ந்தெடுத்து விதை எடுத்து வந்த விவசாயிகளுக்கு மரபணு என்ற சொல்கூடத் தெரியாது. செடி வளர்ப்போர் எல்லாருமே ஒரு வகையில் நொதிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான்.

கஞ்சாச் செடியிலும் நடப்பது இதுவே.

செடிக்குள் நடக்கும் சமையல்

கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாக உண்டு. பெண் செடியின் பூக்கதிரில், குண்டூசியின் தலையைவிட மிகச் சிறிய பிசின் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். வெறுங்கண்ணுக்குச் சர்க்கரைத் தூள் தூவியதுபோலத் தெரியும். பிசுபிசுப்பாக ஒட்டும். செடியின் மருந்துக் குணமும் போதைக் குணமும் பெரும்பாலும் இந்தச் சுரப்பிகளில்தான் உருவாகின்றன. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் சமமாக இருப்பதில்லை.

சுரப்பிக்குள் படிப்படியாக வேலை நடக்கிறது. முதலில் இரண்டு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு துண்டுகளைக் கோத்து ஓர் அமிலத்தைச் செய்கின்றன. அடுத்து வரும் நொதி அந்த அமிலத்தோடு இன்னொரு துண்டை ஒட்டுகிறது. அந்தத் துண்டு பல செடிகளில் நறுமண எண்ணெய் உண்டாவதற்கும் மூலப்பொருள். இரண்டும் சேர்ந்து கிடைப்பது சிபிஜி அமிலம். இதைத் தாய்மாவு என்று வைத்துக்கொள்வோம். அரைத்த மாவு ஒன்றேதான். இட்லித் தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை. அதுபோல இங்கிருந்து பாதை பிரிகிறது.

ஒரு நொதி தாய்மாவை எடுத்து டிஎச்சி அமிலமாக மாற்றுகிறது. அதன் உடன்பிறப்பு போன்ற இன்னொரு நொதி அதே தாய்மாவை சிபிடி அமிலமாக மாற்றுகிறது. டிஎச்சிதான் போதை தருவது. சிபிடி போதை தருவதில்லை. (மூன்றாவதாக ஒரு நொதியும் உண்டு. அதை இங்கே விட்டுவிடுவோம்.)

இந்த இரண்டு நொதிகளையும் செடியிலிருந்து பிரித்தெடுத்து முதன்முதலில் விவரித்தவர்கள் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1995ஆம் ஆண்டில் டிஎச்சி நொதியையும், 1996ஆம் ஆண்டில் சிபிடி நொதியையும் பிரித்தார்கள். பிறகு 2004ஆம் ஆண்டிலும் 2007ஆம் ஆண்டிலும் அவற்றின் மரபணுக்கள் வெளியிடப்பட்டன. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு நொதிகளும் சுமார் 84 விழுக்காடு ஒன்றுபோலவே இருந்தன. இரண்டுமே ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. இரண்டுமே அமிலத்தின் வளையத்தை மடிக்கின்றன. மடிக்கும் விதம் மட்டும் சற்று மாறுகிறது. அந்தச் சிறு மாற்றத்தால் ஒன்று போதைப்பொருளாகிறது, மற்றொன்று ஆவதில்லை.

இன்னும் ஆச்சரியமான ஒரு விவரம். டிஎச்சியிலும் சிபிடியிலும் உள்ள அணுக்கள் எண்ணிக்கையில்கூட ஒன்றே: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். எடையும் ஒன்றே. டிஎச்சியில் ஒரு வளையம் மூடியிருக்கிறது, சிபிடியில் அது திறந்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். சிபிடியோடு வலுவான அமிலத்தைச் சேர்த்தால் திறந்த வளையம் மூடிக்கொண்டு டிஎச்சி வகைப் பொருள்களாக மாறும். வெளிநாட்டுச் சந்தையில் 'டெல்டா 8' என்ற பெயரில் விற்கப்படும் போதைப்பொருள் பெரும்பாலும் இப்படித்தான் சிபிடியிலிருந்து தயாரிக்கப்படுகிறது. "சிபிடி வேறு, அது வேறு" என்று அடித்துச் சொல்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

செடிக்குள் இருப்பது அமில வடிவம். டிஎச்சி அமிலத்துக்குப் போதை இல்லை. காய்ந்து, சூடேறும்போது அமிலப் பகுதி கழன்று டிஎச்சியாகிறது. புகைத்தாலும் சமைத்தாலும் இதுவே நடக்கிறது.

விதைக்காரர்கள் செய்த வேலை

டிஎச்சி நொதி மட்டும் உள்ள செடியையும் சிபிடி நொதி மட்டும் உள்ள செடியையும் கலந்தால் என்ன கிடைக்கும்? 2003ஆம் ஆண்டில் டி மெய்யர் என்ற செடி வளர்ப்பு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்து காட்டினார்கள். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் இரண்டையும் தந்தன. அவற்றைத் தமக்குள் கலந்து விதைத்தபோது பிள்ளைகள் மூன்று விதமாகப் பிரிந்தன. பதினாறு விதை முளைத்தால் ஏறத்தாழ நான்கு செடி டிஎச்சி மட்டும், எட்டுச் செடி இரண்டும் கலந்தது, நான்கு செடி சிபிடி மட்டும். பள்ளியில் படித்த மெண்டலின் பட்டாணிக் கதை நினைவிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. ஒரு செடி எந்தப் பொருளைத் தரும் என்பதைத் தீர்மானிப்பது முதன்மையாக அந்த நொதிகளின் மரபணு. மொத்தம் எவ்வளவு தரும் என்பது வேறு பல மரபணுக்களையும், சுரப்பிகளின் எண்ணிக்கையையும், வளர்ப்பு முறையையும் பொறுத்தது. ஆகவே விதைக்காரர்கள் இரண்டு வழிகளில் வேலை செய்தார்கள்: ஒருபுறம் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள், மறுபுறம் அளவை ஏற்றினார்கள். ஆண் செடிகளை அகற்றி, பெண் பூக்களை விதை பிடிக்காமல் வைத்தால் பிசின் கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது.

பலன் என்ன? அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டில் சராசரி டிஎச்சி அளவு சுமார் 4 விழுக்காடு. 2014ஆம் ஆண்டில் அது சுமார் 12 விழுக்காடு. அதே காலத்தில் சிபிடி அளவு குறைந்துகொண்டே வந்தது. "எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் சாமியார்கள் எல்லாம் குடித்தார்களே, சித்த வைத்தியத்திலும் இருக்கிறதே" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. சித்த மருத்துவ நூல்களில் கஞ்சா இடம்பெற்றிருப்பது உண்மைதான். ஆனால் டிஎச்சியைத் தூய வடிவில் பிரித்ததே 1964ஆம் ஆண்டில்தான். இஸ்ரேலில் மெக்கூலம், கவோனி என்ற இருவர் அதைச் செய்தார்கள். அந்தக் காலத்துச் செடியில் அது எவ்வளவு இருந்தது என்று அளக்க வழியே இருந்ததில்லை. தாத்தா காலத்துச் செடியை வைத்து இன்றைய செடியை எடைபோடக் கூடாது.

நொதி கைதவறும் இடம்

இப்போது புட்டிக்கு வருவோம். சிபிடி நொதி மட்டும் உள்ள செடியில் டிஎச்சி அறவே இருக்காது என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படியில்லை. சிபிடி நொதி தன் வேலையைச் செய்யும்போதே இடையிடையே கைதவறி, சிறிதளவு டிஎச்சி அமிலத்தையும் செய்துவிடுகிறது. பொதுவாக இருபது முதல் முப்பது பங்கு சிபிடிக்கு ஒரு பங்கு டிஎச்சி என்ற கணக்கில் இது கசிகிறது. தோசை சுடுகிறவர் கை தவறி ஒன்றிரண்டு பிய்ந்துபோவதில்லையா, அதுபோல. நொதியின் இயல்பே அது என்பதால், வளர்ப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடிவதில்லை.

அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம், காய்ந்த எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி இல்லாத செடியை 'ஹெம்ப்' என்று பெயரிட்டு அனுமதித்தது. இந்த 0.3 என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1976ஆம் ஆண்டில் தாவரவியலாளர்கள் இருவர் செடி வகைகளைப் பிரித்து எழுதுவதற்காகப் போட்ட கோடு அது. மனித உடலுக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்று சோதித்து வைத்த எண் அன்று. பூவில் சிபிடி 10 விழுக்காடு இருந்தால், மேலே சொன்ன கசிவின்படி டிஎச்சி 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை வந்துவிடும். அந்நாட்டு விவசாயிகளே கோட்டைத் தாண்டிவிடாமலிருக்கச் சீக்கிரம் அறுவடை செய்ய வேண்டியிருக்கிறது.

பூவைப் பிழிந்து எண்ணெயாக்கும்போது சிபிடி செறிவாவதுபோல டிஎச்சியும் செறிவாகிறது. தனியாகச் சுத்திகரித்து நீக்கினாலொழிய அது எண்ணெயில் தங்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 30 மில்லிலிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 28 கிராம். புட்டியின் மேல் 'டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு' என்று அச்சிட்டிருக்கிறது. கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 28 கிராமில் 0.3 விழுக்காடு என்றால் 80 மில்லிகிராமுக்கும் மேல். டிரோனாபினால் என்ற பெயரில் மருத்துவர்கள் எழுதித்தரும் டிஎச்சி மருந்து உண்டு. அதன் தொடக்க அளவு ஒரு வேளைக்கு 2.5 மில்லிகிராம்தான். அப்படியானால் 'போதை இல்லாத' அந்தப் புட்டிக்குள் முப்பது வேளைக்கு மேற்பட்ட அளவு இருக்கக்கூடும்.

அச்சிட்டிருப்பதை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கப்பட்ட 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்தார்கள். மேலே எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனது மூன்றில் ஒன்றுக்கும் குறைவான பொருள்களில்தான். 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது.

உங்கள் கல்லீரலிலும் நொதிகள் உண்டு

சரி, டிஎச்சி அறவே இல்லாத தூய சிபிடி என்றால்? மூத்தோர் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான்.

நீங்கள் விழுங்கும் மாத்திரைகளில் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள நொதிகள். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுவோரிடம் "கிரேப்ஃபுரூட் பழச்சாறு குடிக்காதீர்கள்" என்று மருந்தாளர் சொல்லியிருப்பார். அந்தப் பழத்தின் சாறு மருந்தை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. மருந்து உடலில் தேங்குகிறது. சிபிடியும் இப்படிச் சில கல்லீரல் நொதிகளின் வேலையைத் தடுக்கக்கூடியது.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் உண்மையான ஆபத்து இருக்கிறது. வார்ஃபரின் உடலில் தேங்கினால் இரத்தக் கசிவு ஏற்படலாம். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் தழும்பு, கறுப்பாக மலம் போன்றவை அதன் அறிகுறிகள். வலிப்புக்கான குளோபசாம் மருந்தோடு சிபிடி சேர்ந்தால் தூக்கக்கலக்கம் கூடுவதும் நன்கு அறியப்பட்டது. சிபிடி அதிக அளவில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் இரத்தப் பரிசோதனை முடிவுகள் உயர்ந்திருக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கைந்து மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரருக்கு, "இயற்கையானது" என்ற ஒரே காரணத்துக்காக ஆறாவதாக ஒன்றைச் சேர்ப்பது விளையாட்டன்று.

எண்ணெயில் டிஎச்சியும் இருந்துவிட்டால் தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். இளையவர் சற்று நேரம் படுத்து எழுந்துவிடுவார். நமக்கோ, இரவில் கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

சிபிடிக்கு மருத்துவப் பயனே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. கடுமையான சில குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற தூய சிபிடி மருந்தை 2018ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. அது முறையாகச் சோதிக்கப்பட்ட, அளவு நிச்சயமான மருந்து. கல்லீரல் பரிசோதனையோடுதான் கொடுக்கப்படுகிறது. இங்கும் வேறு சிகிச்சை பலன் தராத நோயாளிக்கு, சிறப்பு மருத்துவரின் விண்ணப்பத்தை ஆராய்ந்து ஒப்புதல் தரும் முறை உண்டு. 2019ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் செடியின் நொதி மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, சர்க்கரையிலிருந்தே இந்தப் பொருள்களைச் செய்து காட்டினார்கள். ஆராய்ச்சி அந்த வழியில் நடக்கட்டும். பேரன் கொண்டுவந்த புட்டி அதில் சேர்த்தியில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக

சிங்கப்பூரில் கஞ்சாவும், கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெய், மிட்டாய், களிம்பு போன்றவையும் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டவை. வைத்திருந்தாலோ உட்கொண்டாலோ 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நாட்டுக்குள் கொண்டுவருவது இதைவிடக் கடுமையான குற்றம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கு உட்கொண்டதுபோலவே கருதப்படும். தாய்லாந்து 2022ஆம் ஆண்டில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அங்கே கடைகளில் தேநீர், பிஸ்கட், பற்பசை வடிவில்கூடப் பார்த்திருப்பீர்கள். அங்கு விற்கப்படுவதால் இங்கு கொண்டுவரலாம் என்று பொருளில்லை. ஹாட்யாய் சுற்றுலா போகும்போது பச்சை இலைப் படம் போட்ட எதையும் வாங்குமுன் என்னவென்று கேளுங்கள்.

புட்டி ஏற்கெனவே கையில் இருந்தால்

அதை உட்கொள்வதை நிறுத்துங்கள். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவோ வந்த இடத்துக்கே தபாலில் திருப்பி அனுப்பவோ வேண்டாம். என்ன செய்வது என்று மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எத்தனை சொட்டு, எத்தனை நாள், கூடவே என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். உடனே மருந்தகத்தை அழைத்து இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன இரத்தக் கசிவு அறிகுறிகள் தெரிந்தால், அல்லது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

முட்டி வலி அப்படியே இருக்கிறதே என்கிறீர்களா? அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "வயதாகிவிட்டது, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று நீங்களே முடிவுகட்டிக்கொண்டு மருத்துவரிடம் வலியைப் பற்றிப் பேசாமல் வருவதால்தான் இப்படிப்பட்ட புட்டிகள் வீட்டுக்குள் நுழைகின்றன. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, பூசும் வலிநிவாரணி, உங்கள் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகும் மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து, சத்து மாத்திரை, தைலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டுங்கள். தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் பதிவு முகப்பில் கேளுங்கள். அல்லது அந்தப் பேரனையே கூட அழைத்துச் செல்லுங்கள்.